மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மூன்றில் ஒரு பங்கு நேரமா? இருவருக்கான அன்னாசி க்ரம்பிளும் வெப்பத்தின் கணக்கும்

சிங்கப்பூரில் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் மின்தூக்கிக்குக் காத்திருந்த ஒரு மாலையில், அடுத்த வீட்டு அக்கா கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றார். ஆறு பேருக்கான அன்னாசி க்ரம்பிள் செய்முறையைத் தனக்கும் தன் கணவருக்குமாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்திருந்தார். மேலே இருந்த மாவு வெளுத்துக் கிடந்தது. அடியில் அன்னாசி நறுக்கி வைத்ததுபோலப் பச்சையாகவே இருந்தது. "அளவு மூணுல ஒண்ணு, அப்போ நேரமும் மூணுல ஒண்ணுதானேம்மா ஆகணும்?" என்று கேட்டார்.

அதே செய்முறையை அதற்குச் சில வாரங்களுக்கு முன் நானும் அதே மூன்றில் ஒரு பங்காகக் குறைத்திருந்தேன். ஆனால் வீட்டிலிருந்த பெரிய கண்ணாடிப் பாத்திரத்தையே பயன்படுத்தி, செய்முறையில் சொன்ன 40 நிமிடமும் ஓவனில் வைத்தேன். சாறு முழுவதும் வற்றிக் கறுத்து, கண்ணாடியோடு ஒட்டிப்போயிற்று. ஊறவைத்துச் சுரண்டிய பிறகுதான் பாத்திரம் மீண்டது. அவருக்கு வேகவில்லை, எனக்குக் கருகிவிட்டது. நேர்மாறாகத் தோன்றும் இந்த இரண்டு பிழைகளுக்கும் காரணம் ஒன்றே.

பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனபின் இருவராக வாழும் வீடுகள் இங்கே பெருகியிருக்கின்றன. 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.5ஆக இருந்த சிங்கப்பூரின் சராசரிக் குடும்ப அளவு 2020இல் 3.22ஆகக் குறைந்தது. சமையல் நூல்களோ இன்னமும் ஆறு பேருக்கும் எட்டுப் பேருக்குமே அளவு சொல்கின்றன. "எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கிறது. எதைக் குறைக்க வேண்டும், எதைக் குறைக்கவே கூடாது என்பதை எவரும் பிரித்துச் சொல்வதில்லை. இந்தக் கட்டுரை அதைத்தான் விளக்க முயல்கிறது.

க்ரம்பிள் என்பது பழத்துண்டுகளின் மேல் மாவு, வெண்ணெய், சீனி மூன்றையும் உதிரியாகப் பிசறித் தூவி ஓவனில் சுடும் இனிப்பு. மேலே தூவும் அந்தக் கலவையை இனி உதிர்மாவு என்று அழைப்போம். முட்டையோ சோடா மாவோ இதில் இல்லை என்பதால், அளவு குறைப்பின் இயல்பைக் கற்றுக்கொள்ள இதைவிட எளிய பண்டம் எனக்குத் தெரியவில்லை.

இட்லித் தட்டும் குடலை இட்லியும்

நான்கு இட்லி ஊற்றினாலும் பதினாறு இட்லி ஊற்றினாலும் ஆவியில் வேகும் நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். நான்கு இட்லிதானே என்று கால்வாசி நேரத்தில் மூடியைத் திறப்பவர் நம்மில் யாரும் இல்லை. ஒவ்வோர் இட்லியும் தனித்தனியாக வேகிறது, அதன் தடிமன் மாறவில்லை, ஆகவே நேரமும் மாறாது என்பது நம் கைகளுக்குத் தெரியும்.

இப்போது காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியை நினைத்துப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் கலந்த மாவுதான், ஆவிதான். ஆனால் நீண்ட மூங்கில் குடலையில் இலை வைத்து ஊற்றப்படுவதால் அது வேக மணிக்கணக்கில் ஆகிறது. மாவின் தடிமன் பெருகியதே அதற்குக் காரணம்.

வெப்பம் ஒரு பொருளின் வெளிப்புறத்திலிருந்து உட்புறத்துக்குத் துகளுக்குத் துகள் கைமாறிச் செல்வதை வெப்பக் கடத்தல் என்கிறோம். இவ்வாறு செல்லும் வெப்பம் நடுப்பகுதியை அடைய எடுக்கும் நேரம், தடிமன் கூடும் அளவுக்கு மட்டும் கூடுவதில்லை. தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதாவது தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். தடிமன் பாதியானால் நேரம் கால்பங்காகும். ஓவனுக்குள் சாறு கொதித்துப் புரளத் தொடங்கியதும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், அதன் போக்கு அதுவேதான்.

சுருக்கமாக: சுடும் நேரத்தை முதலில் தீர்மானிப்பது பொருளின் மொத்த எடை அன்று, பாத்திரத்தில் அது நிற்கும் ஆழம். ஆகவே இருவருக்காகச் செய்யும்போது பொருள்களைக் குறைக்கலாம். ஆழத்தைப் பழையபடியே வைத்திருக்க வேண்டும்.

பாத்திரத்தைக் குறைப்பது எப்படி

ஆழம் மாறக்கூடாது என்றால் பாத்திரம் சிறியதாக வேண்டும். எவ்வளவு சிறியதாக என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். 23 செ.மீ. குறுக்களவுள்ள வட்டப் பாத்திரத்தின் பாதி எது என்று கேட்டால், 11 அல்லது 12 செ.மீ. பாத்திரத்தைக் கையில் எடுப்பார்கள். உண்மையில் அது கால்பங்குதான்.

தோசைக்கல்லில் இதை நேரில் பார்க்கலாம். 20 செ.மீ. அகலத்துக்கு ஒரு தோசை வார்க்கும் மாவில், அதே தடிமனில் 10 செ.மீ. அகலமுள்ள தோசைகள் நான்கு வார்க்கலாம், இரண்டு அல்ல. குறுக்களவைப் பாதியாக்கும்போது நீளமும் பாதியாகிறது, அகலமும் பாதியாகிறது. இரண்டும் சேர்ந்து பரப்பு கால்பங்காகிறது. பரப்பளவு என்பது பாத்திரத்தின் அடி எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதன் அளவு. பாத்திரங்களை ஒப்பிட வேண்டியது இதைக் கொண்டுதான்.

கணக்குப் போட அஞ்ச வேண்டியதில்லை. குறுக்களவை அதே எண்ணால் பெருக்கி ஒப்பிட்டாலே போதும். 23ஐ 23ஆல் பெருக்கினால் 529. 13ஐ 13ஆல் பெருக்கினால் 169. இரண்டாவது எண் முதலாவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆகவே 23 செ.மீ. பாத்திரத்தில் ஆறு பேருக்குச் செய்வதை, 13 செ.மீ. பாத்திரத்தில் இருவருக்குச் செய்தால் ஆழம் அப்படியே நிற்கும். இன்னொரு வசதியும் உண்டு: 9ஐ 9ஆல் பெருக்கினால் 81, அப்படி இரண்டு கிண்ணம் என்றால் 162. எனவே 9 செ.மீ. அகலமுள்ள பீங்கான் கிண்ணங்கள் இரண்டும் ஒரு 13 செ.மீ. பாத்திரமும் ஏறக்குறையச் சமம்.

இப்போது எங்கள் இருவரின் பிழைக்கும் விடை கிடைக்கிறது. மூல அளவான 900 கிராம் பழம் 23 செ.மீ. பாத்திரத்தில் சற்றேறக்குறைய 2.2 செ.மீ. உயரத்துக்கு நிற்கும். நான் அதே பாத்திரத்தில் 300 கிராம் போட்டபோது அது 0.7 செ.மீ. உயரத்துக்கே, அதாவது ஒரு வரிசைத் துண்டுகளாக மட்டுமே பரவிக் கிடந்தது. அக்கா எடுத்தது 10 செ.மீ. அகலமுள்ள ஆழமான கிண்ணம். அதே 300 கிராம் அதில் 3.8 செ.மீ. உயரத்துக்கு எழுந்து நின்றது. மூலத்தைவிட அதிக நேரம் கேட்கும் ஆழத்துக்கு அவர் கொடுத்தது 13 நிமிடம். பொருளின் அளவைப் பொறுத்தவரை எங்கள் இருவரிடமும் ஒரு கிராம்கூடப் பிழையில்லை.

ஒரே பாத்திரத்தில் இரண்டு வேலைகள்

ஆழத்தை இத்தனை வற்புறுத்துவதற்கு இன்னும் உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது. க்ரம்பிள் சுடப்படும்போது பாத்திரத்துக்குள் இரண்டு வேறு வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. இரண்டும் ஒன்றாக முடிந்தால்தான் பண்டம் தேறும்.

முதல் வேலை கீழே, பழத்தில் நடக்கிறது. பழம் பெரும்பாலும் நீர். ஆகவே ஓவன் 180 டிகிரி செல்சியஸில் எரிந்தாலும், ஈரம் இருக்கும்வரை பழத்தின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். அந்த வெப்பத்தில் பழத்தின் திசுச் சுவர்கள் தளர்கின்றன, சாறு வெளியேறுகிறது, சேர்த்த சோளமாவு அந்தச் சாற்றைக் கெட்டியாக்குகிறது.

இரண்டாவது வேலை மேலே, உதிர்மாவில் நடக்கிறது. அங்கே ஈரம் ஆவியானபின் வெப்பம் 100 டிகிரியைக் கடந்து ஏறுகிறது. ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல், மாவிலும் வெண்ணெயிலும் உள்ள புரதக் கூறுகள் சர்க்கரைகளோடு வினைபுரிந்து, பொன்னிறத்தையும் வறுத்த மணத்தையும் தருகின்றன. லூயி கமில் மெய்லார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் இதை 1912இல் விவரித்ததால், இது மெய்லார் வினை எனப்படுகிறது. முறுகலான தோசையின் ஓரம், வறுத்த காப்பிக்கொட்டை, பொன்னிறமாக வறுத்த வெங்காயம் எல்லாவற்றிலும் இந்த வினைக்குப் பங்குண்டு. ஈரம் போகாத இடத்தில் நிறம் ஏறாது என்பதால்தான் அக்காவின் உதிர்மாவு வெளுத்தே இருந்தது.

பழம் மெல்லியதாகப் பரவினால் கீழ்வேலை முதலில் முடிந்துவிடும்; மேல்மாவு சிவக்கும்வரை காத்திருக்கும்போது சாறு வற்றி, சீனி கருகத் தொடங்கும். பழம் மிக ஆழமாக நின்றால் மேல்மாவு முதலில் சிவந்துவிடும். பழம் கொதிக்கும்வரை காத்தால் மாவு கருகும், காக்காமல் எடுத்தால் பழம் வேகாது. செய்முறையை எழுதியவர் தம் பாத்திரத்தில் இந்த இரண்டு வேலைகளும் ஒன்றாக முடியும் ஆழத்தைக் கண்டடைந்திருக்கிறார். நாம் காப்பாற்ற வேண்டியது அந்தப் பொருத்தத்தைத்தான்.

இதே காரணத்தால், நேரத்தை மிச்சப்படுத்த ஓவனின் வெப்பத்தைக் கூட்டுவதும் பயன் தராது. வெப்பத்தைக் கூட்டினால் மேல்வேலைதான் விரையும், கீழ்வேலை ஏறக்குறைய அதன் போக்கிலேயே நடக்கும்.

சிறிய பாத்திரத்துக்கு ஓரம் அதிகம்

ஆழம் சமமாக இருந்தும் சிறிய பாத்திரம் சற்று முன்னதாகவே வெந்துவிடுவதைக் காண்பீர்கள். காப்பியை டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றினால் விரைவில் ஆறுகிறது. காப்பியின் அளவு மாறவில்லை, காற்றோடு தொடும் புறப்பரப்புதான் கூடியிருக்கிறது. புறப்பரப்பு கூடினால் வெப்பம் போவதும் விரைவு, வருவதும் விரைவு.

100 சதுர செ.மீ. பரப்புக்கு 23 செ.மீ. பாத்திரத்தில் ஏறத்தாழ 17 செ.மீ. நீள ஓரம் இருக்கிறது. 13 செ.மீ. பாத்திரத்தில் அது 31 செ.மீ.; 9 செ.மீ. கிண்ணங்களில் 44 செ.மீ. அந்த ஓரங்களின் வழியாகவும் வெப்பம் உள்ளே நுழைகிறது. ஆகவே மூலச் செய்முறை 40 நிமிடம் என்றால், 13 செ.மீ. பாத்திரத்தை 30ஆவது நிமிடத்திலிருந்தும் சிறு கிண்ணங்களை 25ஆவது நிமிடத்திலிருந்தும் பார்க்கத் தொடங்குங்கள். "பார்க்கத் தொடங்குங்கள்" என்றே சொல்கிறேன், எடுத்துவிடச் சொல்லவில்லை.

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பது மேசைமேல் வைக்கும் சிறிய ஓவன் அல்லது ஏர் ஃப்ரையர். சிறிய ஓவனில் மேல் வெப்பக்கம்பி பாத்திரத்துக்கு மிக அருகில் இருப்பதால் மேல்வேலை முந்திக்கொள்ளும்; கீழ்த்தட்டில் வையுங்கள், நிறம் முந்தினால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடுங்கள். ஏர் ஃப்ரையர் என்பது வேகமான விசிறி பொருத்திய சிறிய ஓவன்தான். நகரும் காற்று வெப்பத்தை விரைவாகக் கொண்டுசேர்ப்பதால், சொன்ன வெப்பத்தில் 20 டிகிரி குறைத்து வையுங்கள்.

சுருக்கமாக: ஆழம் நேரத்தைத் தீர்மானிக்கிறது, ஓரம் அதைச் சில நிமிடங்கள் குறைக்கிறது.

சாறு குழம்பாவது எப்போது

வெட்டிய அன்னாசியில் சீனி தூவிச் சிறிது நேரம் விட்டால் கிண்ணத்தின் அடியில் சாறு தேங்கும். சீனி கரைந்த அடர்த்தியான நீர், பழத்தின் திசுக்களுக்குள் இருக்கும் நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. இது சவ்வூடு பரவல். மாங்காயில் உப்புத் தூவி வைத்தால் நீர் விடுவதும் இதனால்தான். இந்தச் சாறு தளதளவென்று நிற்க வேண்டுமானால் சோளமாவு வேண்டும்.

சோளமாவின் நுண்ணிய மணிகள் 62 முதல் 72 டிகிரி வெப்பத்தில் நீரை உறிஞ்சி உப்பத் தொடங்குகின்றன. ஆனால் சாறு முழுமையாகக் கெட்டிப்படுவது ஏறத்தாழ 95 டிகிரியை எட்டும்போதுதான். இதற்கு மாவுச்சத்து பசையாதல் என்று பெயர். ஆகவே க்ரம்பிள் வெந்ததற்கு நம்பத்தக்க அடையாளம் கடிகாரத்தில் இல்லை. பாத்திரத்தின் நடுவில், உதிர்மாவின் இடுக்குகளில், சாறு மெதுவாகக் கனத்த குமிழிகளாக எழுந்து உடைவதைப் பாருங்கள். ஓரத்தில் குமிழி வருவது போதாது. ஓரம் எப்போதும் முந்திக்கொள்ளும். தொடக்கத்தில் குமிழிகள் சிறியனவாகவும் வேகமாகவும் தோன்றி உடையும்; சாறு கெட்டிப்பட்டபின் அவை பெரிதாகி, உடையுமுன் ஒரு கணம் தயங்கும். அந்தத் தயக்கத்தைக் காணும்வரை நான் ஓவனை அணைப்பதில்லை.

அன்னாசியைப் பற்றி ஓர் ஐயம் எழக்கூடும். பச்சை அன்னாசியைப் பாலோடு சேர்த்து வைத்தால் கசக்கிறதே, இங்கே ஆகாதா? அன்னாசியிலுள்ள ப்ரோமிலெய்ன் என்ற நொதி புரதத்தை உடைப்பதால் அந்தக் கசப்பு வருகிறது. அது மாவுச்சத்தைத் தொடாது, ஓவனின் வெப்பத்தில் செயலும் இழந்துவிடும். சூடான க்ரம்பிளின் மேல் ஐஸ்கிரீம் வைத்து உண்ணத் தடையில்லை.

40 கிராம் வெண்ணெயும் நம் ஊர் வெப்பமும்

குளிர்நாட்டு நூல்கள் அறை வெப்பநிலை என்று சொல்வது ஏறத்தாழ 20 டிகிரியை. நம் சமையலறையில் பகலில் 30 டிகிரி இயல்பு. வெண்ணெயோ 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். உருகுவதற்கு இரண்டு மூன்று டிகிரி தொலைவில் நிற்கும் வெண்ணெயைத்தான் நாம் கையில் எடுக்கிறோம்.

உதிர்மாவில் வெண்ணெய் குளிர்ந்து கெட்டியாக இருக்க வேண்டும். சிறு துண்டுகளாக மாவில் புதைந்திருக்கும் வெண்ணெய் ஓவனில்தான் உருக வேண்டும்; அப்போது அது இருந்த இடம் வெற்றிடமாகும், அதிலுள்ள சுமார் 16 விழுக்காட்டு நீர் ஆவியாகி வெளியேறும், மாவு உதிரியாகவும் மொறுமொறுப்பாகவும் நிற்கும். வெண்ணெய் கையிலேயே உருகினால் மாவு முழுவதும் எண்ணெய் ஊறிப் பசையாகி, சுட்டபின் ஒரே தகடாக இறுகிவிடும்.

இங்கும் அளவு தன் வேலையைக் காட்டுகிறது. 120 கிராம் வெண்ணெய் விரல்களின் சூட்டைத் தாங்கும் நேரத்தில் பாதியைக்கூட 40 கிராம் தாங்காது. டபராவில் காப்பிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்கிறது. நான் வெண்ணெயைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்ததும் சிறு சதுரங்களாக வெட்டி, மாவோடு புரட்டி, கிண்ணத்தோடு 15 நிமிடம் மீண்டும் குளிர்பெட்டியில் வைத்துவிடுவேன். அதன்பின் விரல்நுனிகளால் மட்டும், இரண்டு நிமிடத்துக்கு மிகாமல் பிசறுவேன். பச்சைப் பட்டாணி அளவில் சில கட்டிகள் எஞ்சியிருப்பது நல்லது.

தராசும் கரண்டியும்

180 கிராம் மாவில் 5 கிராம் தவறினால் அது 3 விழுக்காடு. 60 கிராமில் அதே 5 கிராம் 8 விழுக்காடு. ஆகவே கோப்பை அளவை விட்டுவிட்டு, கிராம் காட்டும் மின்தராசைப் பயன்படுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டி 15 மி.லி., ஒரு தேக்கரண்டி 5 மி.லி. என்பதால், மூன்றில் ஒரு பங்காக்கும்போது மேசைக்கரண்டியைத் தேக்கரண்டியாக மாற்றினாலே கணக்கு முடிந்தது. ஆஸ்திரேலிய நூல்களின் மேசைக்கரண்டி மட்டும் 20 மி.லி. பின்னாளில் கேக் வகைகளுக்குப் போனால், முட்டையை அடித்துக் கலக்கி எடை போட்டுப் பிரியுங்கள். ஓடு நீக்கிய முட்டை ஏறத்தாழ 50 கிராம்.

இருவருக்கான அன்னாசி க்ரம்பிள்

தோலும் கண்களும் நீக்கிய அன்னாசி 300 கிராம் எடுத்து, 2 செ.மீ. துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். நான் தேக்கா சந்தையில் முழுப் பழமாக வாங்கி, அடிப்பக்கம் மணப்பதைப் பார்த்தே எடுப்பேன். சீனி 30 கிராம், சோளமாவு 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றைப் பழத்தோடு ஓவனில் வைப்பதற்குச் சற்று முன் மட்டும் கலக்குங்கள்; முன்னரே கலந்தால் சாறு பெருகிவிடும். உதிர்மாவுக்கு மைதா 60 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 40 கிராம், சீவிய குலா மெலாக்கா என்னும் தென்னஞ்சர்க்கரை 30 கிராம். குலா மெலாக்காவுக்கு மாற்றாகப் பழுப்புச் சீனியும் போடலாம் என்றாலும், தென்னஞ்சர்க்கரையின் புகைமணம் அன்னாசியின் புளிப்போடு சேரும் சுவையை அது தராது என்பது என் கருத்து.

13 செ.மீ. பாத்திரத்தில் அல்லது இரண்டு 9 செ.மீ. கிண்ணங்களில் பழத்தைப் பரப்பி, உதிர்மாவை அழுத்தாமல் தூவி, சாறு வழிந்தால் தாங்க அடியில் ஒரு தட்டு வைத்து, முன்பே சூடாக்கிய ஓவனில் 180 டிகிரியில் வையுங்கள். நடுவில் கனத்த குமிழி எழுந்தபின் எடுத்து, 15 நிமிடம் ஆறவிடுங்கள். சாறு ஆறும்போதுதான் மேலும் இறுகும். மாம்பழத்தில் செய்தால் சீனியை 15 கிராமாகக் குறைத்து, ஓர் எலுமிச்சையின் பாதியைப் பிழிந்துவிடுங்கள்.

ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் நம் ஊரில் உதிர்மாவின் மொறுமொறுப்பு மறுநாள்வரை தங்காது. எனவே அன்று ஒருவருக்கு மட்டுமே வேண்டுமென்றால் ஒரு கிண்ணத்தை மட்டும் சுடுங்கள். எஞ்சிய உதிர்மாவைச் சுடாமலே மூடியிட்டு உறைபெட்டியில் வைத்து, அடுத்த முறை உறைந்த நிலையிலேயே புதிய பழத்தின் மேல் தூவுங்கள். அக்கா இப்போது மூன்று முறைக்கான உதிர்மாவை ஒன்றாகப் பிசறி, 130 கிராம் பொட்டலங்களாகப் பிரித்து உறைபெட்டியில் வைத்திருக்கிறார்.